சாப்பாட்டுக்கு முன்னால் போய்வந்த நாடு

"எருசலேம் வந்துட்டமா டீச்சர்?" என்று ரூபி கேட்டாள்.

"ஆமா, வந்துட்டோம்" என்றேன் நான். யோசிக்காமல் சொன்ன பதில். அதற்குப் பிறகு நான் மான்செஸ்டர் வரை போனதும், அங்கே ஒரு யூதப் பாலர் பள்ளியில் விமானப் பணிப்பெண்ணாக நடித்ததும், இப்போது இதை எழுதிக்கொண்டிருப்பதும் அந்த இரண்டு வார்த்தையால்தான்.

இந்த வருஷம், 1991, குருத்தோலை ஞாயிறு, இயேசு கழுதை மேல் எருசலேமுக்குள் போன நாளின் நினைவு. எங்கள் சேரப்பணஞ்சேரியில் பவனி மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் கிளம்பி, சர்ச் வாசலில் முடியும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால், ஆளுக்கொரு ஓலையோடு. கிளம்பும்போது நான்தான் கத்தினேன்: "இப்ப நாம எல்லாரும் எருசலேமுக்குப் போறோம்!" எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்யாவிட்டால் எனக்குத் திருப்தி வராது. டிகிரி முடித்து ஒரு வருஷம், டீச்சர் வேலையில் எட்டு மாசம், வேகம் அதிகம். கல் ஏற்றிய லாரிகள் ஓரங்கட்டி நிற்க, ஓசன்னா பாடிக்கொண்டே வந்து சேர்ந்தோம்.

என் பதிலைக் கேட்டதும் ரூபி செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். முதல் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அடுத்த பெஞ்சு. அதற்கடுத்தது. பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அறைக்குள் போய், ஒவ்வொரு அங்கியாக விலக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து என் புடவையைப் பிடித்தாள்.

"எங்கம்மா இல்லியே டீச்சர். எருசலேம்லதான கீது?"

ரூபிக்கு நாலு வயது. போன மழைக்காலத்தில் அவள் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அடக்கத்தின்போது ரூபியை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவளிடம், "அம்மா பரம எருசலேமுக்குப் போயிட்டாங்க" என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சாவை அப்படித்தான் சொல்வோம். பெரியவர்களுக்கு அது ஆறுதல். நாலு வயதுக்கு அது ஒரு ஊர்ப் பெயர். அந்த ஊர் வந்துவிட்டது என்று சொன்னவள் நான்.

நான் அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

குளோரி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பாலர் பள்ளியின் மூத்த டீச்சர். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லித்தந்து கஞ்சியும் காய்ச்சுகிறவர். "இன்னா ஜெனி இப்டி பண்ட்ட" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மிதிபட்ட ஓலைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தூரத்தில் இருக்கிற ஒரு புனித ஊர் இந்தச் சின்னத் தலைகளுக்குள் எப்படித்தான் இருக்கிறது? மறுநாள் வகுப்பில் கேட்டேன். எருசலேமுக்குப் படப்பையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும் என்றான் ஒருவன். தாம்பரத்தில் இருக்கிறது, எங்க மாமா பார்த்திருக்கார் என்றாள் ஒருத்தி. ரூபி சொன்னாள்: "எங்கப்பா கம்பெனிக்கு அந்தாண்ட."

அவள் அப்பா தேவராஜ் அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ரூபிக்குத் தெரிந்த உலகம் அந்தக் கம்பெனி வேன் திரும்பும் மூலையோடு முடிகிறது. அதனால் எருசலேம் அதற்கு அடுத்தது.

எங்கள் சபை மூலமாகக் குளோரி அக்காவும் நானும் மூன்று வாரம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் போய் அங்குள்ள பாலர் பள்ளிகளைப் பார்த்துவர ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. எந்தப் பள்ளி வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒன்று யூதர்கள் நடத்துவது. நான் உடனே அதில் குறி போட்டேன். எருசலேமைத் தங்கள் ஊர் என்றே சொல்லிக்கொள்கிறவர்கள், தங்கள் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்கிறார்கள்? அதைப் பார்த்துவிட்டு வந்தால் ரூபியிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மான்செஸ்டரில் முதல் திங்கட்கிழமையே பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஒன்று இல்லை, மூன்று. மழையில் நிழற்குடைக்குள் நல்ல பிள்ளைகளாக நின்றிருந்தோம். மாடி பஸ் மூன்றும் நிற்காமல் தாண்டின. குளோரி அக்காவுக்குக் கொதித்துவிட்டது. "நம்ம ஊர்ல ஸ்டாப்பிங்க தாண்டி நிறுத்துவான், ஓடியாவது ஏறிக்கலாம். இவன் இன்னாடி, மூஞ்சப் பாத்துக்கினே போறான்?"

நாலாவது பஸ் வந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டினார். பஸ் நின்றது. கை காட்ட வேண்டுமாம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றே அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

பள்ளி ஒரு செங்கல் வீடு. ஒரு வகுப்பறை, அதை ஒட்டி ஒரு கூடம், நடுவில் ஒரு கதவு. பதினெட்டுப் பிள்ளைகள். தலைமை ஆசிரியை மிரியம் தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேசும்போதே அடுத்த வேலைக்குக் கை போய்விடும். ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டியில் நத்தைகள் வளர்த்தார்கள். குளோரி அக்கா அதைப் பார்த்து அசந்துபோய்விட்டார். "வரப்புல மிதிச்சிக்கினு போவோம். இங்க பாரு, கோஸு இலை மாதிரி இன்னாவோ போட்டு ராஜா கணக்கா வெச்சிக்கீறாங்க."

நத்தைகளுக்கு இலை வைக்கும் பொறுப்பு டாலி என்ற பெண்ணுக்கு. நாலரை வயது, முன்பல் ஒன்று பாதி உடைந்தது. வேறு யாராவது தொட்டியின் மூடியைத் தொட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். பக்கத்தில் வந்து நின்று பார்ப்பாள். தொட்டவர்கள் தாமாகவே கையை எடுத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு சங்கடம். டீ குடித்த கோப்பையைக் குளோரி அக்கா கழுவிக் கவிழ்த்தார். சமையல்காரப் பெண் "ஐயோ" என்று ஓடிவந்து, அந்தக் கோப்பையை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அக்காவின் தெருக்காரர்களுக்கு அங்கே தம்ளர் தனி. குடித்துவிட்டு அவர்களேதான் கழுவி வைக்க வேண்டும். "நான் தொட்டதுக்காடி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு என்றாலும், அன்று மிரியத்திடம் அப்படியே போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் இரண்டு தொட்டிகளைக் காட்டினார். நீலம் பால் பாத்திரத்துக்கு, சிவப்பு இறைச்சிப் பாத்திரத்துக்கு. பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் படக்கூடாது. அது அவர்கள் வேதத்தின்படி. "பால் விட்ட டீக் கோப்பையைச் சிவப்பில் கழுவிவிட்டீர்கள். போன மாதம் நானே என் கோப்பையை இப்படித் தொலைத்தேன். யார் தொட்டார்கள் என்பதே இதில் கிடையாது."

நான் தமிழில் சொன்னதும் அக்கா இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சரி. அவங்களுக்கும் சேத்துத்தான சட்டம்." மறுநாளிலிருந்து கரண்டி பிரிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார், நான் தப்பான இழுப்பறையைத் திறந்தால் கையில் ஒரு தட்டு விழும்.

புதன்கிழமை என் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். நோட்டுப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டேன்: இஸ்ரேல் எங்கே இருக்கு? எங்களுக்கு அது வேதாகமத்தில் வரும் இஸ்ரவேல். இவர்களுக்கு அங்கே அத்தை இருக்கிறாள், போன் நம்பர் இருக்கிறது. அதனால் பதில்கள் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"அங்கே கோட்டு போட வேண்டாம். அதான் இஸ்ரேல்" என்றது ஒரு பிள்ளை. மழை விடாத ஊரில் பிறந்தது, பாவம். "கடவுளோட வீடு அங்கே. வெள்ளிக்கிழமை மட்டும் இங்கே வருவார், ரொட்டி சாப்பிட" என்றான் டேனியல். ஒருத்தியின் மாமா அங்கே இருக்கிறாராம். இந்தக் குளிர்காலத்தில் ஒரு அறையின் ஜன்னலையெல்லாம் டேப் போட்டு ஒட்டினாராம். "குளிர் வராம இருக்க" என்றாள். ஈராக் ஏவுகணையில் விஷவாயு வருமோ என்று பயந்து ஒட்டியது என்று செய்தி படித்த எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மதியம் மிரியத்திடம் கேட்டேன்: "அந்த நிலத்தைத் தங்கள் ஊர் என்று சொல்கிற வேறு மக்களும் அங்கே இருக்கிறார்களே, அது பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எந்த வயதில் சொல்வது என்று எங்களுக்குள்ளேயே சண்டை. இப்போதைக்கு வெயிலும் ஆரஞ்சுப் பழமும் மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். அது போதாது என்று எனக்குத் தெரியும்."

எங்கள் பிள்ளைகள் பாடுகிற எருசலேமில் ஆட்களே கிடையாது, ஒரு கழுதையும் கொஞ்சம் ஓலையும்தான் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அந்த நாட்டின் சுதந்திர தினம். அன்று ஒவ்வொரு வருஷமும் அங்கே ஒரு வழக்கம்: பிள்ளைகள் எல்லோரும் இஸ்ரேலுக்குப் "பறப்பார்கள்". வகுப்பறையில் நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசை போடுவது, தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்த பாஸ்போர்ட், காகிதத் தொப்பி போட்ட ஒரு பைலட். கதவைத் திறந்து கூடத்துக்குள் போனால் இஸ்ரேல். பணிப்பெண் யார்? சில நாள் முன்பு நிஜமாகவே விமானத்தில் வந்து இறங்கிய நான்தான்.

சும்மா இருப்பேனா? துணியைக் கிழித்து ஒவ்வொரு நாற்காலிக்கும் பெல்ட் கட்டினேன். காதுக்குப் பஞ்சு, வாய்க்கு மிட்டாய், ட்ரேயில் வைத்து நீட்டினேன். "மேகத்துக்குள்ள போறோம், கெட்டியா பிடிச்சுக்குங்க" என்று நாற்காலிகளைக் குலுக்கினேன். பதினெட்டுப் பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். "இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிஜமாக யாரும் பறந்ததில்லை" என்றார் மிரியம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மணல் கொட்டியிருந்தார்கள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி, கல் மாதிரி வர்ணம் அடித்து, எருசலேமில் யூதர்கள் நின்று ஜெபிக்கும் அந்தப் பழைய சுவர். அதன் இடுக்குகளில் பிள்ளைகள் கடவுளுக்குச் சீட்டு செருகினார்கள். டாலி என்னை எழுதச் சொன்னது: "நத்தைகள் குளிரில் சாகக்கூடாது." பிறகு தின்பண்டம். கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த உருண்டை. குளோரி அக்கா ஒன்றைக் கடித்துவிட்டு நின்றார். "ஐயே, மசால்வடடி இது! உருட்டிக் கீறாங்க, தட்டல, அவ்ளோதான்." வந்த நாளிலிருந்து உருளைக்கிழங்கைத் தின்று நொந்திருந்த நாங்கள் ஆளுக்கு ஏழு சாப்பிட்டோம்.

கடைசியில் கேக் வந்தது. இஸ்ரேலுக்குப் பிறந்த நாள் என்றார்கள். டேனியல் கையைத் தூக்கினான்: "பிறந்த நாள் குழந்தை ஏன் வரல?" மிரியம் அவனுக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் மறுபடி பெல்ட் போட்டு, பஞ்சு வைத்து, மான்செஸ்டருக்குத் திரும்பினோம். பன்னிரண்டே காலுக்குச் சாப்பாட்டு மணி அடித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரை நான் மேகத்துக்குள்தான் இருந்தேன்.

டாலியின் குடும்பம் அந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே இஸ்ரேலுக்குக் குடிபெயர இருந்தது. ஹைஃபா என்ற ஊரில் வீடு பார்த்தாகிவிட்டது. அவள் அம்மா டெபோரா தினமும் அவளைக் கூட்டிப்போக வரும்போது ஒரே விஷயத்தைச் சொல்வார்: "எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் பாருங்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை." வெள்ளிக்கிழமைதான் அவளுக்குப் பள்ளியில் கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை டாலி நத்தைக்கு இலை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்குக் கேட்டேன்: "ஞாயித்துக்கிழமை நீ போயிட்டா, இதுங்களுக்கு யார் இலை வெப்பாங்க?"

என்ன டீச்சர் இவள் என்பதுபோல் பார்த்தாள். "நான்தான். பெல்ட் போடுவோம். பஞ்சு வெப்போம். இறங்குவோம். உருண்டை சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு முன்னாடி திரும்பி வந்துடுவோம்." பிறகு எனக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்து ஞாபகப்படுத்தினாள்: "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

சர்ச் பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்த ரூபி கண் முன்னால் வந்தாள். இரண்டு பிள்ளைகள், இரண்டு கண்டங்கள், கூட்டிப்போனவள் ஒருத்தி.

அக்காவிடம் சொன்னேன். "இந்த தபாவும் பிஸ்கட்டு குடுத்து சமாளிக்கலாம்னு பாக்காத" என்றார். குருத்தோலை ஞாயிறன்று அவர் சொல்லாமல் விட்ட வசவு, ஒரு மாசம் கழித்து வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மிரியம் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருஷமாக இவர்களைப் பறக்க வைக்கிறேன். எங்கே போய்வந்ததாக நினைக்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

புதன்கிழமை மதியம் டெபோரா வந்ததும் தனியாக அழைத்துச் சொன்னோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டைக் காலி பண்ணிவிட்டேன். என் அம்மா இங்கேயே இருக்கிறார், தினமும் அழுகிறார். நானும் அழுகிறேன். எங்கள் வீட்டில் அழாத ஆள் இவள் ஒருத்திதான். அதையும் எடுத்துவிடப் பார்க்கிறீர்களா? அங்கே போய்த் தானாகப் புரிந்துகொள்ளட்டும்."

"இன்னா சொல்லுது அந்தம்மா?" என்றார் குளோரி அக்கா. சொன்னேன்.

"இத்த அப்டியே சொல்லு. நீ கூட்டாம கொறைக்காம சொல்லணும், தெரிதா? பொய்யச் சொல்லி புள்ளைய ஏத்திக்கினு போயிட்டன்னு வெச்சிக்கம்மா. அங்க சாப்பாட்டு நேரம் வரும்ல? புள்ள எழுந்து நின்னு, சரி வா போலாம்னு சொல்லும். அப்ப யாரு பொய் சொன்னா? ஆத்தா சொன்னா. அந்த ஊர்ல அதுக்கு ஆத்தாவ வுட்டா வேற யாரு கீறாங்க?"

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். டெபோரா பக்கத்திலிருந்த பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் தாடைக்கு வந்தது. "எப்படிச் சொல்வது?" என்றார். மிரியத்திடம் இல்லை, அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது. "நாக்கால சொன்னா அதுக்கு ஏறாது. எப்டி தப்பா கத்துக்கிச்சோ, அப்டியே கத்துக்குடு" என்று என்னைப் பார்த்தார்.

அதாவது இன்னொரு தடவை பறக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாற்காலிகளை மறுபடி வரிசை போட்டோம். ஏறும் முன் டாலியிடம் சொன்னேன்: "இது வேற பயணம். நீயும் அம்மாவும் அங்கேயே இருப்பீங்க. நாங்க திரும்பி வந்துடுவோம்." தலையை ஆட்டினாள். காதில் விழுந்த மாதிரி இல்லை. பெல்ட், பஞ்சு, மிட்டாய் எல்லாம் உண்டு. நாற்காலியை மட்டும் நான் குலுக்கவில்லை. கூடத்தில் மணலும் இல்லை, கேக்கும் இல்லை. டெபோராவின் நிஜப் பெட்டி ஒன்று, அதன் மேல் டாலியின் போர்வை, பக்கத்தில் இரண்டு நாற்காலி.

பிள்ளைகள் டாலிக்குக் கை காட்டினார்கள். திரும்பிப் பறப்பதற்காக ஓடினார்கள். டாலியும் ஓடிவந்தாள். "உன் நாற்காலி இங்க இல்ல டாலி. அம்மா பக்கத்துல இருக்கு" என்றேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

நடுக்கதவை மூட வேண்டாம் என்று மிரியம் சொல்லியிருந்தார். நாங்கள் மான்செஸ்டரில் இறங்கினோம். பன்னிரண்டே காலுக்கு மணி அடித்தது. வெள்ளிக்கிழமை கோழிக் குழம்பு வாசனை வந்தது. பதினேழு பேர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள், ஒரு இடம் காலி. திறந்த கதவு வழியாக டாலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம வரலையா?"

"இல்லை. நாம் இங்கேதான் இருப்போம்" என்றார் டெபோரா.

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

"என் பிறந்த நாளுக்கு?"

"அங்கேதான், கண்ணு."

அப்போது அழுதாள். பெரிய அழுகை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நான் ஓடப்பார்த்தேன், கையில் மிட்டாய் ட்ரே இருந்தது என்பதும் ஞாபகம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அழட்டும் வுடு. அழுவறதுக்கு இது நல்ல எடம். சுத்தி தெரிஞ்ச மூஞ்சிங்க கீது."

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. குழம்பு ஆறிப்போகும் அளவுக்கு. பிறகு டாலி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக நத்தைத் தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்து இலை வைத்தாள். திரும்பி, பதினேழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து, டேனியலைக் கூப்பிட்டாள்.

"இலை மட்டும். தண்டு குடுக்காதே."

"சரி."

"மூடியை நீ திற."

அவன் திறந்தான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசிவரை தொடவில்லை.

நாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் ஹைஃபாவிலிருந்து டெபோரா மிரியத்துக்குப் போன் செய்தார். முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாலி அழுதாளாம். "ஆனால் எப்போது திரும்பிப் போவோம் என்று கேட்கவில்லை" என்றாராம்.

சேரப்பணஞ்சேரிக்கு வந்து நாலு நாள் ஆகிறது. மே மாத வெயில். டாலியிடம் சொன்ன வழி ரூபிக்கு உதவாது என்று விமானத்திலேயே புரிந்துவிட்டது. நாற்காலி வரிசை போட்டுக் காட்டுகிற பயணம் இல்லை இது. நான் எழுதிய நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டுப் பிள்ளைகளின் பதில் இருக்கிறது, ரூபிக்கான பதில் இல்லை.

நேற்று காலை தேவராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரூபி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், சர்ச்சில் நான் சொன்ன பதில் முதற்கொண்டு.

"அப்ப பரம எருசலேம்னு சொன்னது பொய்யா டீச்சர்?" என்றார்.

"பொய்யில்லண்ணா. நானும் நம்புறேன். ஆனா அது பஸ்ஸு போற ஊர் இல்லன்னு அவளுக்கு யாரும் சொல்லல."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். பிறகு சொன்னார்: "டெய்லி ஷிஃப்ட்டு முட்ச்சி வேன்ல எறங்குறன்ல, வூட்டுக்குள்ள கால வெக்கிறதுக்குள்ள கேக்கும். 'அம்மாவ பாத்தியா'ன்னு. கம்பெனிக்கு அந்தாண்டதான் கீதாம்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"'இன்னிக்கிப் பாக்கல'ம்பேன்."

மழைக்காலத்திலிருந்து இன்று வரை, ஒவ்வொரு ஷிஃப்ட்டும் முடிந்து வந்து ஒரு மனிதர் அதைச் சொல்லியிருக்கிறார். ஓடி ஆடி ஆராய்ச்சி செய்த எனக்கு இது தெரியாது. நான் கேட்கவே இல்லை.

கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால், ஏரிக்கரைக்குப் போகும் வழியில். ரூபியை இதுவரை அங்கே கூட்டிப்போனதில்லை. அம்மா பெயர் எழுதின சிலுவையை அவள் பார்த்ததில்லை. அங்கே கூட்டிப்போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். "அழுவுமே டீச்சர்" என்றார். "அழும்ணா. நீங்க பக்கத்துல இருப்பீங்க. குளோரி அக்காவும் வர்றாங்க" என்றேன்.

வெளியே கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. எழுந்து, டிபன் பாக்ஸை எடுத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"திங்கக்கெழம எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டு. காலைல வாங்க."

எப்படிப் பேசுவது என்று அக்காவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "நீ மொதல்ல உன் தப்ப சொல்லு. மிச்சத்த அவங்கப்பன் சொல்லட்டும்" என்கிறார். பை நிறைய ஏதாவது எடுத்துப்போக வேண்டும்போல் கை பரபரக்கிறது. பூ, படம், கதை. ஒன்றும் எடுத்துப்போவதாக இல்லை. பிஸ்கட்டும் கிடையாது.

திங்கட்கிழமை காலை, வெயில் ஏறும் முன், நாலு பேரும் நடந்தே போகப்போகிறோம். போன தடவை ரூபி என்னைக் கேட்ட அதே சர்ச் வாசல் படியில் உட்கார்ந்து, முதல் வாக்கியம் இதைத்தான் சொல்லப் பார்க்கப்போகிறேன்: "ரூபி, அன்னிக்கு டீச்சர் தப்பா சொல்லிட்டேன். இது எருசலேம் இல்ல."